சான்றிதழ் கையில் இருந்தது, திறன் இல்லை: பணியிடைப் பயிற்சியில் நாங்கள் கண்டவை

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

நின்ற இதயத்தை மார்பை அழுத்தி மீட்கும் இதய இயக்க மீட்புக்கான (சி.பி.ஆர்.) சான்றிதழை ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்பதால், இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தத் திறன் கையிலேயே தங்கியிருக்கும் என்று நான் பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன். சான்றிதழ் பெற்றுப் பதினான்கு மாதங்கள் ஆன நிலையில், ஒரு பயிற்சிப் பொம்மையை எங்கள் வார்டுக்கே கொண்டுவந்து, பணிக்கு நடுவே ஒவ்வொருவரையும் இரண்டு நிமிடம் மார்பை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் திரையில் காட்டும் பொம்மை அது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால், முதல் அரை நிமிடத்துக்குப் பிறகு என் அழுத்தங்களில் பெரும்பாலானவை 4 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. வேகமோ 130-ஐக் கடந்திருந்தது. இவற்றைவிட என்னை வருத்தியது வேறொன்று. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுமையாக மேலெழ விடாமல், நான் அதன்மீது சாய்ந்தபடியே இருந்திருக்கிறேன். மார்பு மேலெழும் அந்த நொடியில்தான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்புகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பதினான்கு மாதங்களில் நான் அழுத்திய மார்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அதன் பிறகு எங்கள் பிரிவில் மாதம் ஒருமுறை இரண்டு நிமிடப் பயிற்சி நடக்கிறது. அதற்கென விடுப்பும் வேண்டாம், அரங்கமும் வேண்டாம். உங்கள் அனுபவங்களை அறிய விரும்புகிறேன்.

பிரசவ அறைச் செவிலியர்

சகோதரி, உங்களுக்குக் கை ஏமாற்றியது போல எனக்குக் கண் ஏமாற்றியது. புத்தாக்கப் பயிற்சி ஒன்றில், சிவப்புச் சாயம் கலந்த நீரைத் துணிகளிலும் விரிப்புகளிலும் ஊற்றிவைத்து, இரத்த இழப்பு எவ்வளவு என்று மதிப்பிடச் சொன்னார்கள். நான் 300 மில்லிலிட்டர் என்று எழுதினேன், ஊற்றியிருந்ததோ 800. பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனாலே அதை மிகை இரத்தப்போக்கு என்று கொள்ள வேண்டும் என்பதால், என் கணக்கின்படி அந்தத் தாய்க்கு எந்த ஆபத்தும் இல்லை. உண்மையிலோ அவர் எல்லையை எப்போதோ தாண்டியிருப்பார். அறையில் இருந்த அனுபவம் மிக்கவர்களும் ஏறக்குறைய என்னைப் போலவே குறைத்துத்தான் எழுதியிருந்தார்கள். ஆண்டுகள் கூடினால் கண் கூர்மையாகும் என்ற என் எண்ணம் அன்றோடு போயிற்று.

அளவுக் கோடுகள் உள்ள சேகரிப்பு விரிப்பைத் தாயின் அடியில் விரிப்பது அன்றிலிருந்து எங்கள் வழக்கம். 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வும் இந்த விரிப்பையே தொடக்கமாகக் கொண்டது. நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த அந்த ஆய்வில், இரத்த இழப்பை அளந்து உடனே கண்டறிவதோடு, கருப்பையைப் பிசைதல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம், சிரைவழித் திரவம், காரணத்தைத் தேடிப் பரிசோதித்தல் ஆகிய அனைத்தையும் ஒருசேரத் தொடங்கியபோது, கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தன. அங்கே விரிப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஊழியர்களுக்கு அவர்கள் பணியிடத்திலேயே பயிற்சியும் அளித்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பயிற்றுநராகப் பணியாற்றும் மருத்துவர்

நான் மேடையில் நின்று பாடம் நடத்தியவன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். ஒருமுறை கடும் ஒவ்வாமை அதிர்ச்சி குறித்த பாவனைப் பயிற்சியில், மருத்துவராக நடித்தவரிடம், அட்ரீனலின் 1 மில்லிகிராமைச் சிரைவழி செலுத்துமாறு தவறான கட்டளையிடச் சொல்லியிருந்தேன். தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் என்பதே சரி. அங்கிருந்த இளம் செவிலியர் ஒரு கணம் தயங்கினார். பிறகு சொன்னபடியே மருந்தை ஊசியில் ஏற்றினார். பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலில், சரியான அளவு தமக்குத் தெரியும் என்றும், மருத்துவர் சொல்லும்போது எப்படி மறுப்பது என்று அடங்கிவிட்டதாகவும் அவர் கூறினார். அவருக்கு இன்னும் எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் அந்தத் தவறு நேர்ந்திருக்கும். மருத்துவர்களுக்குத் தனியாகவும் செவிலியர்களுக்குத் தனியாகவும் பயிற்சி நடத்திவந்த நான், அதன் பின் ஒன்றாக வேலை செய்பவர்களை ஒன்றாகவே அமர்த்துகிறேன். கட்டளையைக் கேட்டவர் மருந்தின் பெயரையும் அளவையும் வழியையும் திருப்பிச் சொல்ல வேண்டும், ஐயம் இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர்களும் சேர்ந்து பழகுகிறார்கள்.

ஆய்வக நுட்பநர்

இரவுப் பணி முடித்த காலையில், வீட்டுக்குப் போகாமல் ஆறு மணி நேர வகுப்பில் அமர்ந்திருக்கிறேன். வருகைப் பதிவில் கையெழுத்து இருக்கிறது; கேட்டது எதுவும் நினைவில் இல்லை. பயிற்சி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிடுவதை நிர்வாகங்கள் சலுகையாகக் கருதக் கூடாது.

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

ஆய்வக நண்பர் சொன்னதை எங்கள் கண்காணிப்பாளரிடம் எடுத்துச் சொன்னேன். இந்த மாதம் முதல் இரவுப் பணியினருக்கு இரவு நேரத்திலேயே பொம்மை வருகிறது. மருத்துவர் ஐயா கூறியபடி, பணியிலிருந்த மருத்துவரையும் சேர்த்துக்கொண்டோம். என் ஆழம் இப்போது 5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. சாய்ந்துவிடும் பழக்கம் மட்டும் இரண்டாவது நிமிடத்தில் இன்னமும் தலைகாட்டுகிறது. அதை எப்படிப் போக்கினீர்கள் என்பதை அறிந்தவர்கள் எழுதுங்கள்.