பிரஷ் முனையைத் திருப்புவதும் அளவை மாற்றுவதும்: ஓர் ஐயம்

பழையபடம்:
வணக்கம். பழைய கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் சீர்செய்து வருகிறேன். படத்தை மடித்து வைத்திருந்ததால் விழுந்த கோடு, மணமகளின் புருவத்தை வெட்டிக்கொண்டு கீழே புடவைக் கரை வரை போகிறது. புருவ முடி சாயும் திசைக்கு ஏற்பப் பிரஷைத் திருப்புவதற்காக இடது, வலது அம்புக்குறி விசைகளை அழுத்தினால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அளவை மாற்றும் சதுர அடைப்புக்குறி விசைகள் வேலை செய்கின்றன. ஆனால் பிரஷ் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அளவு ஒரேயடியாகத் தாவுகிறது. வழி தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கோட்டோவியம்:
பிரஷ் திரும்பிக்கொண்டுதான் இருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. முழு வட்டமான முனையை எத்தனை பாகை திருப்பினாலும் அது வட்டமாகவே இருக்கும் அல்லவா? எஃப்5 விசையை அழுத்தி பிரஷ் செட்டிங்ஸ் பலகையைத் திறந்து, பிரஷ் டிப் ஷேப் பகுதியில் 100 விழுக்காடாக உள்ள ரவுண்ட்னஸை 20 அளவுக்குக் குறையுங்கள். முனை தட்டையான நீள்வட்டமாகிவிடும். அதன்பின் அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்தினால் 1 பாகையும், ஷிஃப்ட்டுடன் சேர்த்து அழுத்தினால் 15 பாகையும் திரும்புவதைக் காணலாம். பழைய பதிப்புகளில் இந்த விசை வசதி கிடையாது. அவற்றில் அதே பலகையில் உள்ள சிறு வட்டத்தின் அம்புத்தலையை மவுஸால் இழுத்துத் திருப்ப வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை அடைப்புக்குறிகளை விட்டுவிடுங்கள். விண்டோஸில் ஆல்ட் விசையையும் மவுஸின் வலப் பொத்தானையும் அழுத்தியபடி பக்கவாட்டில் இழுத்தால் அளவு சீராக மாறும். மேலும் கீழும் இழுத்தால் விளிம்பின் கடினத்தன்மை மாறும். மேக் கணினியில் கன்ட்ரோல், ஆப்ஷன் ஆகிய இரு விசைகளையும் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். புருவத்துக்கு ஒவ்வொரு முடியாக, மெல்லிய முனையால், தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் வேறோர் அடுக்கில்) வரைவதே நல்லது.

நிழல்கோடு:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அதே பிரஷ் செட்டிங்ஸ் பலகையின் ஷேப் டைனமிக்ஸ் பகுதியில் ஆங்கிள் ஜிட்டருக்குக் கீழுள்ள கன்ட்ரோல், டைரக்‌ஷன் என்று இருந்தால், கை போகும் திசைக்கேற்ப முனை தானே திரும்பும். நீங்கள் அமைத்த கோணம் நிலைக்காது. அதை ஆஃப் செய்யுங்கள். பிரஷின் உருவத்துக்குப் பதிலாகச் சிறு கூட்டல் குறி மட்டும் தெரிந்தால், கேப்ஸ் லாக் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் இதே விதிதான்: ஆங்கிள் அளவை மட்டும் நகர்த்தினால் வட்ட முனையில் ஒன்றும் தெரியாது, ஆஸ்பெக்ட் ரேஷியோவையும் (நீள அகல விகிதத்தையும்) மாற்ற வேண்டும்.

பழையபடம்:
இருவருக்கும் நன்றி. ரவுண்ட்னஸைக் குறைத்ததும் முனை திரும்புவது தெரிந்தது. புருவம் நன்றாக வந்துவிட்டது. கட்டம் போட்ட புடவைக் கரையில்தான் சிக்கல். படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து வேறிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப் கருவியின் முனையைத் திருப்பினாலும், நகலாகும் கட்டங்கள் பழைய சாய்விலேயே விழுகின்றன.

கோட்டோவியம்:
முனையைத் திருப்பினால் பூசப்படும் பரப்பின் வடிவம் மட்டுமே திரும்பும். எடுத்து ஒட்டப்படும் படம் திரும்பாது. அதற்கு விண்டோ மெனுவிலுள்ள குளோன் சோர்ஸ் பலகையைத் திறந்து, அங்குள்ள கோணப் பெட்டியில் கரை சாயும் அளவை இடுங்கள். அகல, உயரப் பெட்டிகளில் விழுக்காட்டை மாற்றினால், மடிப்பில் சிறுத்துப்போகும் கட்டங்களுக்கு ஏற்ப நகலையும் சிறிதாக்கலாம். ஷோ ஓவர்லேயைத் தேர்வு செய்துகொண்டால், வைப்பதற்கு முன்பே கட்டங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடலாம்.

ஆனால் இப்படித் திருப்பி எடுக்கும்போது பிக்சல்கள் மறுபடி கணக்கிடப்படுவதால் பழைய படத்தின் மணல் போன்ற துகள் சற்று மங்கும். ஆகவே அதே சாய்வில் கரை ஓடும் வேறோர் இடம் படத்தில் இருந்தால் முதலில் அங்கிருந்து எடுத்துப் பாருங்கள். அது கிடைக்காத இடத்தில் மட்டும் கோணத்தை மாற்றுங்கள்.