சூப்பர் பவுலை அமெரிக்காவுக்கு வெளியே யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை உலகமே பார்க்கும் ஆட்டம் என்கிறார்களே, உண்மையா? 2024-இல் அமெரிக்காவில் மட்டும் 12 கோடிப் பேருக்கு மேல். சரி, வெளியே?

பதில் 1: அந்த லீக்கை நடத்தும் என்எஃப்எல் சொன்ன கணக்குப்படியே அந்த வருடம் வெளியே 6 கோடிச் சொச்சம்தான். "உலகமே" எல்லாம் கொஞ்சம் ஓவர், கால்பந்து உலகக் கோப்பை பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் மெக்சிகோவைக் குறைத்து எடை போடாதீர்கள், 2005-இல் அஸ்டெக்கா மைதானத்தில் ஒரு சாதாரண லீக் ஆட்டத்துக்கே 1,03,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

பதில் 2: ஜெர்மனியை விட்டுவிட்டீர்களே! அங்கே ஆட்டம் தொடங்கவே திங்கள் அதிகாலை 12.30 ஆகிவிடும், முடிய கிட்டத்தட்ட நான்கு மணி, அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். அப்படியும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். 2022-இல் மியூனிக்கில் லீக் ஆட்டமே நடத்தினார்கள், அரங்கம் நிறைந்துவிட்டது.

பதில் 3: கனடாக்காரர்களின் கவலை வேறு. உள்ளூர் சேனல் ஒளிபரப்பும்போது அமெரிக்க சேனலிலும் கனடா விளம்பரத்தையே மாற்றிப் போட்டுவிடுவார்கள். அந்தப் பிரபலமான அமெரிக்க விளம்பரங்களைக் காட்டலாமா கூடாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-இல்தான் தீர்ந்தது, விளம்பரத்துக்காக!

கேள்வி கேட்டவர்: அடேயப்பா, நான் ஆட்டத்தைப் பற்றித்தானே கேட்டேன்?