அண்ணையின் எச்சில் சோதனை, என் கொலஸ்ட்ரோல், நடுவில் ஒரு குளிசை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொக்குவில்வாசி:

அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார். பிறந்தநாளுக்கு அவருடைய மகள், எச்சிலில் மரபணு பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பூட்டன் பூட்டி எந்த ஊர் என்று பார்க்கும் விளையாட்டுத்தான். ஆனால் அதோடு வருத்தங்களைப் பற்றிய றிப்போட்டும் சேர்ந்து வந்தது. "இதைத் திறக்க விருப்பமா?" என்று முதலே கேட்டதாம். மனுசன் திறந்துவிட்டார். அபோ-ஈ என்ற மரபணுவில், மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் ஈ4 வகை, ஒன்றல்ல, இரண்டு பிரதி. "தங்கச்சி, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வரப்போகுது" என்று நடுச்சாமத்தில் வட்ஸ்அப்பில் கோல்.

அம்மாவின் கடைசி வருடங்களை நான்தான் பார்த்தேன். முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தா. பிறகு காசுக் கணக்கு. பிறகு என்னைத் தன் தமக்கை என்று நினைத்து, சின்ன வயதுச் சண்டைகளுக்கெல்லாம் நியாயம் கேட்டா. அல்சைமர் என்ற மறதி நோய் என்று டொக்டர் பெயர் சொன்னபோது பாதித் தூரம் போய்விட்டது.

இப்போது என் கதை. எனக்கு 51 வயது. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்ததில் மொத்தக் கொலஸ்ட்ரோல் 262, எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரோல் 178, எச்டிஎல் என்கிற நல்ல கொலஸ்ட்ரோல் 48, ட்ரைகிளிசரைட் 180. டொக்டர் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகைக் குளிசை ஒன்று, அட்டோவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்தால் மாமி சொல்கிறா, "பிள்ளை, அந்தக் குளிசையைப் போட்டால் மறதி வரும், தொடாதை." மரபணுவும் மறதி என்கிறது, குளிசையும் மறதி என்றால் மனுசி என்ன செய்கிறது? குடும்பத்தில் இந்த வருத்தமும் கையில் இந்த றிப்போட்டும் இருக்கிறவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். பயப்படுத்த வேண்டாம், ஆறுதலும் வேண்டாம்.

குளிசைக்காரன்:

நான் மானிப்பாய்ப் பக்கம் பாமசி வைத்திருக்கிறேன். உங்கள் மாமி சொன்னதை என் கவுண்டரில் நிற்கிறவர்களும் சொல்கிறார்கள். ஒரு ஐயா இருக்கிறார், ஓய்வுபெற்ற தபால் அதிபர். துண்டில் தினம் ஒன்று என்று இருக்கும், அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதி உடைத்துப் போடுவார். கேட்டால், "தம்பி, இதயத்துக்குப் பாதி, மூளைக்குப் பாதி விட்டிருக்கிறன்" என்பார்.

இந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் ஸ்டாட்டின் குளிசைகளின் குறிப்புத்தாளில் ஒரு விஷயத்தைச் சேர்த்தது. சிலர் மறதி, குழப்பம் என்று முறையிட்டிருக்கிறார்கள், பொதுவாகக் கடுமையானதல்ல, குளிசையை நிறுத்தினால் மாறிவிடுகிறது என்று. முதல் பாதி மட்டும் கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தது, இரண்டாம் பாதியைக் காணவில்லை.

சரி, ஆய்வு என்ன சொல்கிறது? ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு உண்மைக் குளிசையும் மறுபக்கத்துக்கு வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2002இல் வெளிவந்தன. ஒன்று 70 வயதைத் தாண்டியவர்களில் பிரவாஸ்டாட்டின். மற்றது பிரித்தானியாவில் 20,000க்கும் மேற்பட்டவர்களில் சிம்வாஸ்டாட்டின். ஞாபகசக்தியில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கெடுக்கவில்லை. ஆனால் மறதி நோயைத் தடுத்ததாகவும் அந்த ஆய்வுகளில் காணவில்லை. அதை மறைத்து உங்களுக்குக் குளிசை விற்கமாட்டேன். அது நிச்சயமாகக் குறைப்பது மாரடைப்பையும் பக்கவாதத்தையும். பக்கவாதம் வந்த மூளை எவ்வளவு சுலபமாக மறதிக்குள் விழும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த கேள்வியும் வரும், "மூளைக்குக் கொலஸ்ட்ரோல் தேவை, அதைக் குறைக்கலாமா?" தேவைதான். உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கான மூளையில், உடம்பின் கொலஸ்ட்ரோலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் மூளை அதைத் தானே செய்துகொள்கிறது. இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் மூளையின் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. உங்கள் 178ஐ 100 ஆக்கினால் மூளை பட்டினி கிடக்காது.

அபோ-ஈ என்பதே கொழுப்பைச் சுமந்து திரியும் ஒரு புரதம்தான். ஈரலும் செய்கிறது, மூளையும் தனக்கென்று செய்கிறது. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. ஈ4 உள்ளவர்களுக்கு எல்டிஎல் சற்று உயர்ந்து நிற்பதும் உண்டு, அல்சைமர் ஆபத்துக் கூடுவதும் உண்டு. அதனால் உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லாமலும் இருக்கலாம்.

ஸ்காபரோ தம்பி:

அக்கா, உங்கள் அண்ணையின் நிலைதான் எனக்கும், ஆனால் ஒரு பிரதி. இங்கே குடும்ப டொக்டர் சொன்ன கணக்கு: ஒரு பிரதி என்றால் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு, இரண்டு என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை. பெரும்பாலும் ஐரோப்பிய வழி வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு, எங்கள் ஆட்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுக்காதே என்றும் சொன்னார். இரண்டு பிரதி இருந்தும் நோய் வராமல் முதுமை அடைந்தவர்கள் உண்டு. ஒன்றும் இல்லாமல் நோய் வந்தவர்களும் ஏராளம்.

இன்னொன்று, அதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரலாம். அண்ணை தன் றிப்போட்டைத்தான் திறந்தார், ஆனால் உங்களுடையதும் பாதி திறந்துவிட்டது. அவருக்கு இரண்டு பிரதி என்றால் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அப்படியென்றால் உங்களுக்குக் குறைந்தது ஒன்றாவது இருப்பதற்கு நாலுக்கு மூன்று வாய்ப்பாவது உண்டு. நான் என் பெறுபேற்றைக் குடும்பக் குழுவில் போட்ட அன்று வவுனியாவில் இருக்கும் தம்பி குழுவை விட்டே போய்விட்டான். எனக்குச் சொல்லாதே என்று கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. டிஎன்ஏயின் வடிவத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே 2007இல் தன் முழு மரபணுத் தொகுதியையும் வெளியிட்டபோது, இந்த ஒரு மரபணுவின் முடிவை மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள் என்றார்.

காப்புறுதி பற்றி ஒருவர் உட்பெட்டியில் கேட்டிருந்தார். கனடாவில் 2017இலிருந்து சட்டம் இருக்கிறது, மரபணுப் பெறுபேற்றைக் காட்டு என்று கேட்க முடியாது. இலங்கையில் இருப்பவர்கள் அதை நம்பிச் சோதிக்க வேண்டாம், அது அந்த நாட்டுச் சட்டம்.

தென்னந்தோப்பு:

எல்லாரும் இங்கிலீசு மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். எங்கள் அப்பு தேங்காய்ப்பாலில் வளர்ந்து 90 வயது வரை கந்தபுராணம் பாடமாகச் சொன்னவர். தேங்காயெண்ணெய் மூளைக்கு மருந்து என்று யூடியூப்பில் டொக்டர்மாரே சொல்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடியுங்கள்.

பருத்தித்துறையான்:

அப்பு 90 வரை இருந்தார், சரி. அப்புவின் தம்பிமார்?

குளிசைக்காரன்:

தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லை ஏற்றும், இதில் சந்தேகம் இல்லை. அல்சைமரைக் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வு இல்லை. 178இல் நிற்கிற ஒருவருக்கு வெறும் வயிற்றில் கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொல்வது சரியில்லை, தம்பி.

கொக்குவில்வாசி:

தேங்காயை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் எப்படிச் சமைப்பது என்று கேட்கிறவர்களுக்கு என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். சொதியை விடவில்லை. முதற்பாலைத் தவிர்த்து, கப்பிப்பாலில் வைத்து, இறக்கிய பிறகு தேசிக்காய் விடுகிறேன். முதல் கிழமை ஒருவரும் கதைக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. புட்டுக்குத் தேங்காய்ப்பூ பாதி. சில நாள் குரக்கன்மா. சம்பல் அன்றாடம் இல்லை. தாளிக்க நல்லெண்ணெய், அது முன்பும் இருந்ததுதான். முருங்கையிலை வறை, பயறு, கத்தரிக்காய் எல்லாம் எங்கள் சாப்பாடுதானே, புதிதாக எதுவும் வாங்கவில்லை.

உண்மையான எதிரி சொதி அல்ல என்பது என் எண்ணம். பின்னேரம் தேத்தண்ணியோடு வரும் ரோல்ஸும் பற்றிஸும் மாஜரின் பூசிய பணிஸும்தான். அதை ஒருவரும் உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பருத்தித்துறையான்:

கணவாய், நண்டு, இறால்? மனிசி மூன்றையும் தடை செய்துவிட்டா. கூழுக்கு என்ன போடுவது?

குளிசைக்காரன்:

அவற்றில் கொலஸ்ட்ரோல் இருக்கிறது, நிறைவுற்ற கொழுப்பு குறைவு. பெரும்பாலானோருக்கு எல்டிஎல்லை ஏற்றுவது இரண்டாவதுதான். அளவாகக் கூழுக்குப் போடலாம். எண்ணெயில் பொரித்த கணவாயை மூன்றாம் தரமும் கேட்பதைத்தான் மனிசி தடை செய்திருப்பா.

ஓய்வூதிய ரீச்சர்:

சாவகச்சேரியில் இருக்கிறேன். என் கதை வேறு, ஆனாலும் இங்கேதான் சொல்ல வேண்டும். 63 வயதில் எனக்கு மறதி தொடங்கியது. பாடசாலை நண்பிகளின் பெயர் வராது. பேசிக்கொண்டே இருக்கும்போது வசனம் அறுந்துபோகும். என் அம்மாவும் இப்படித்தான் தொடங்கினா. எனவே முடிவு கட்டிவிட்டேன், காணி உறுதிகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதக்கூட ஆயத்தம். அந்த நேரம் எல்டிஎல் 210.

கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை றிப்போட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. "ரீச்சர், குளிருதா? மலச்சிக்கலா? தலைமயிர் கொட்டுதா?" மூன்றுக்கும் ஓம். தைரொயிட் சோதனை எழுதினா. தைரொயிட் குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் எக்கச்சக்கமாக ஏறி இருந்தது. குறைவை ஈடுசெய்யும் தைரொக்சின் குளிசை தொடங்கி, சில மாதம் கழித்துப் பார்த்தால் எல்டிஎல்லும் இறங்கியது, மறதியும் நன்றாகக் குறைந்தது. தைரொயிட் குறைவு கொலஸ்ட்ரோலை ஏற்றும், புத்தியையும் மந்தமாக்கும். அதைச் சரிசெய்யாமல் ஸ்டாட்டின் போட்டால் தசைநோவு வரும் வாய்ப்பும் கூட. கொலஸ்ட்ரோல் கூடி, மறதியும் இருக்கிறவர்கள் மரபணுவைப் பற்றி யோசிக்க முதல் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். மச்சம் சாப்பிடாதவர்கள் பி12ஐயும் பார்க்க வேண்டும், அது குறைந்தாலும் ஞாபகம் தடுமாறும். எங்கள் சைவ வீடுகளில் இதை ஒருவரும் நினைப்பதில்லை. விரதம் பிடிக்கிறோம், மறதி என்றால் வயது என்கிறோம்.

அம்மாவுக்கு யாரும் இவற்றைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில், இடம்பெயர்ந்து திரிந்த நேரத்தில், யார் பார்ப்பது.

கொக்குவில்வாசி:

ரீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு டிஎஸ்எச் கொடுத்துப் பார்த்தேன். சாதாரணம். எனவே என் 178 என்னுடையதுதான்.

குளிசை தொடங்கிவிட்டேன். மாமிக்குத் தெரிந்துதான். முதலில் கெண்டைக்கால் வலித்தது. குளிசையா, வெயிலில் வெங்காயத் தோட்டத்தில் நின்றதா என்று தெரியவில்லை. டொக்டர் தசை நொதியம் ஒன்று பார்த்தார், பிரச்சினை இல்லை. வலியும் போய்விட்டது. திரும்பக் கொடுத்த இரத்தத்தில் எல்டிஎல் 104. டொக்டர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்கிறார்.

மரபணுச் சோதனை செய்யவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தது பயத்தில் அல்ல. ஈ4 இருந்தாலும் நான் செய்ய வேண்டியது இதேதான், இல்லாவிட்டாலும் இதேதான். 178ஐ யாரும் சும்மா விடச்சொல்ல மாட்டார்கள். 2024இல் லான்செற் என்ற மருத்துவ இதழின் குழு மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டபோது, நடுவயதில் உயர்ந்த எல்டிஎல்லைப் புதிதாகச் சேர்த்தது. பிரஷர், நீரிழிவு, புகைத்தல், காது கேளாமை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 வீதமளவு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். பட்டியலில் மரபணு இல்லை, அதை மாற்ற முடியாதே. மாற்றக்கூடிய பக்கத்தில் நான் நிற்கிறேன்.

மாமியின் காதுக்குக் கருவி வாங்கச் சொல்லி இப்போது சண்டை. அந்தப் பட்டியலைக் காட்டித்தான்.

ஸ்காபரோ தம்பி:

ஒன்றைச் சேர்க்கிறேன். மரபணுப் பெறுபேறு உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அல்சைமர் தொடங்கியவர்களுக்கு லெகனமாப் என்று ஊசி வந்திருக்கிறது. ஈ4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அதனால் மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் வரும் ஆபத்து அதிகம். பிரித்தானியாவில் 2024இல் அனுமதித்தபோது அவர்களை விலக்கித்தான் அனுமதித்தார்கள். அந்த ஊசி பற்றிப் பேச்சு வந்தால் அப்போது சோதிக்கலாம்.

பருத்தித்துறையான்:

குளிசை இரவிலா பகலிலா?

குளிசைக்காரன்:

அட்டோவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எந்த நேரமும் போடலாம், மறக்காத நேரம் எதுவோ அது. சிம்வாஸ்டாட்டின் இரவில். ரோசுவாஸ்டாட்டின் ஆசிய வழியினரின் இரத்தத்தில் கூடுதலாக ஏறும், அதனால் 5 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். இன்னொன்று, ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் இன்னும் 6 வீதம் அளவில்தான் இறங்கும். போதாவிட்டால் டொக்டர் எசெற்றிமைப் என்ற வேறு வகைக் குளிசையைச் சேர்க்கக் கூடும், பயப்பட வேண்டாம்.

ஓய்வூதிய ரீச்சர்:

கொக்குவில்வாசி, உங்கள் மகளுக்கு என்ன வயது?

கொக்குவில்வாசி:

24. சோதிக்க வேண்டுமா என்று அவளும் கேட்கிறாள்.

குளிசைக்காரன்:

கொலஸ்ட்ரோலை இப்போதே ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். எல்டிஎல் 190க்கு மேல் என்றால் அது ஈ4 கதையாக இராது, பரம்பரைக் கொலஸ்ட்ரோல் என்று வேறொன்று உண்டு, அதுவாக இருக்கலாம், உடனே டொக்டரைப் பார்க்க வேண்டும். மரபணுவை அவள் தனக்கு வேண்டும் என்று நினைக்கும் வயதில் தானே முடிவெடுக்கட்டும், அண்ணையின் பெட்டி இன்னொன்று வந்தால் திறக்காமல் அலுமாரியில் வையுங்கள்.