ஹப்பை 'லாக்' செய்தும் ஜீப்பின் முன்சக்கரங்கள் இழுக்கவில்லை: உதவி தேவை

கேள்வி:
கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஓடும் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப் இது. முன்சக்கரங்களின் நடுவில் கையால் திருப்பும் டயல் கொண்ட ஹப்புகள் உள்ளன. மழைக்கு முன்பு முன்சக்கர பேரிங்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய கிரீஸ் வைத்தார்கள். அதன் பிறகு, இரண்டு டயல்களையும் 'லாக்' நிலைக்குத் திருப்பி, முன்சக்கர இயக்கத்தை இணைக்கும் ட்ரான்ஸ்ஃபர் லீவரை 'ஃபோர் ஹை'யில் (நான்கு சக்கர இயக்கம்) போட்டாலும், சேற்று மேட்டில் பின்சக்கரங்கள் மட்டுமே வழுக்கிச் சுழல்கின்றன. முன் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றுவதைக் கண்ணால் பார்த்தோம். இடப்பக்க டயல் மட்டும் முழுதாகத் திரும்பாமல் சற்று முன்பே நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் பூட்டாவிட்டாலும் மறுபக்கச் சக்கரமாவது இழுக்க வேண்டாமா? இருபக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் பழுதாகிவிட்டதா?

பதில் 1:
ஐயா, இப்போதைக்கு டிஃபரென்ஷியலில் கை வைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இடப்பக்க ஹப்பையே காட்டுகின்றன. டயல் 'ஃப்ரீ'யில் இருக்கும்போது சக்கரம் தன் பேரிங்குகளின் மேல் தனியே உருளும். உள்ளே இருக்கும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'லாக்' செய்தால், உட்புறம் பற்கள் வெட்டிய ஒரு வளையம் நகர்ந்து வந்து ஷாஃப்டையும் ஹப்பையும் ஒன்றாகப் பிணைக்கும். சாதாரண டிஃபரென்ஷியல் இருபுறமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும் என்பதால், பூட்டாத பக்கத்து ஷாஃப்ட் எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே சுற்றும்போது, பூட்டிய பக்கத்துக்கும் ஏறத்தாழ ஒன்றும் கிடைக்காது. ஒரு ஹப் பூட்டவில்லை என்றால் முன் ஆக்சில் முழுவதுமே இல்லாதது போலத்தான்.

உறுதி செய்துகொள்ள வழி உண்டு. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, கியரிலும் 'ஃபோர் ஹை'யிலும் போட்டு, இரு ஹப்புகளையும் 'லாக்' செய்து, வலச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இரண்டும் பூட்டியிருந்தால் இடச்சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். அது அசையாமல் நின்று, அதைத் தனியே தள்ளும்போது இலேசாக உருண்டால், கோளாறு அங்கேதான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. காரணம் பெரும்பாலும் கிரீஸாகத்தான் இருக்கும். பேரிங்குக்கு வைக்கும் கெட்டியான கிரீஸைப் பூட்டும் பகுதியிலும் அடைத்துவிட்டால், வளையம் நகர இடமிருக்காது. நீலகிரிக் குளிரில் அது இன்னும் இறுகும். டயலைக் குறடால் பிடித்து முறுக்காதீர்கள், உடைந்துவிடும். பற்கள் நேருக்கு நேர் அமையாமல் நின்றிருக்கலாம் என்பதால், வண்டியை அரையடி முன்னும் பின்னும் நகர்த்தி ஒருமுறை முயன்று பாருங்கள்.

கேள்வி (மற்றொருவர்):
என் கியர் சைக்கிளிலும் குளிர்ந்த காலையில் பெடல் முன்னோக்கி வெறுமனே சுற்றுகிறது. இதுவும் அதே கோளாறா?

பதில் 2:
அமைப்பு வேறு, குற்றவாளி ஒன்றே. சைக்கிளின் ஃப்ரீவீலில் சிறு ஸ்ப்ரிங்குகள் தாங்கும் நாக்குகள் பல்வளையத்தில் விழுந்து பிடிக்கும்; பெடலை நிறுத்தினால் வழுக்கி 'டிக் டிக்' என்று ஒலிக்கும். கிரீஸ் கெட்டியானால் நாக்கு எழாது, பிடிமானமும் இராது. அந்த நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெய் போதும். ஆனால் ஃப்ரீவீல் ஒரு திசையில் மட்டுமே பிடிக்கும். ஜீப்பின் ஹப் 'லாக்' ஆனால் இரு திசையிலும் பிணைந்திருக்கும். அதனால்தான் இறக்கத்தில் எஞ்சினின் பிரேக் விசை முன்சக்கரங்களுக்கும் கிடைக்கிறது. மலைப்பாதையில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
சோதனையில் இடச்சக்கரம் அசையவில்லை. மூடியைத் திறந்தபோது உள்ளே கிரீஸ் முழுக்க அடைந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிய பின் டயல் விரலாலேயே திரும்புகிறது. இனி எப்போதும் 'லாக்'கிலேயே விட்டுவிடலாமா?

பதில் 1:
லீவர் 'டூ ஹை'யில் (பின்சக்கர இயக்கம் மட்டும்) இருக்கும்வரை கெடுதல் இல்லை. ஆக்சில் ஷாஃப்டுகளும் டிஃபரென்ஷியலும் வீணாகச் சுற்றி எரிபொருள் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். போரில் மிஞ்சிய ஜீப்புகள் சாலைப் பயணத்துக்கு வந்தபோது, இந்த வீண்சுழற்சியைத் தவிர்க்கவே 1948-இல் அமெரிக்காவில் வார்ன் நிறுவனம் இவ்வகை ஹப்புகளைச் செய்யத் தொடங்கியது. மழைக்காலத்தில் பூட்டியே வைத்திருங்கள். சேற்றில் இறங்கி நின்று டயல் திருப்பும் சிரமம் இருக்காது. ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் 'ஃபோர் ஹை' போடாதீர்கள். உங்கள் வண்டியைப் போன்றவற்றில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் இல்லாததால், வளைவுகளில் பாகங்கள் முறுக்கேறும். மூடியைத் திரும்பப் பொருத்தும்போது புதிய கேஸ்கெட் போட்டு, பற்களுக்கு மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் தடவுங்கள்.