250 சிசி வண்டியில் முன் ஸ்பிராக்கெட்டை மாற்றலாமா?

கேள்வி: என் டூயல் ஸ்போர்ட் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான) வண்டி 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே எஞ்சின் அலறுவதால், நீண்ட பயணத்துக்காக முன்பக்க 14 பல் ஸ்பிராக்கெட்டைக் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) கழற்றிவிட்டு 15 பல் போட எண்ணுகிறேன். மண்பாதையில் இழுவை குறையுமா?

மறுமொழி 1: குறையும். அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ 7 சதவீதம் தணியும். ஆனால் சுமையோடு மண் ஏற்றத்தில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்தே ஏற வேண்டியிருக்கும். நான் பழைய 14 பல்லையும் கருவிப்பையில் எடுத்துச் செல்கிறேன்.

மறுமொழி 2: அதைவிடச் செயினின் தொய்வைக் கவனியுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி நான் கச்சிதமாக இறுக்கிய செயின், பைகளை ஏற்றி அமர்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கி விறைத்துக்கொண்டது. கியர்பாக்ஸ் பேரிங் போனதுதான் மிச்சம். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுகும்; அந்த நிலையிலும் சிறிது தொய்வு இருக்க வேண்டும்.

கேட்டவர்: நன்றி, சுமையேற்றியே அளந்து பார்க்கிறேன்.