இணைய வானொலி நடத்தியவர்கள், பாட்டுக் கட்டண அனுபவத்தைச் சொல்லுங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

இணைய வானொலி நடத்தியவர்களும் நடத்திக்கொண்டிருப்பவர்களும் இங்கே பலர் இருக்கிறீர்கள். பாட்டுக் கட்டணம் உங்களை என்ன பாடு படுத்தியது என்று எழுதுங்கள். எங்கள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து தமிழ்த் திரைப்பாடல் ஒலிபரப்பினோம். எல்லோருக்கும் பகலில் வேலை, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் நிகழ்ச்சித் தயாரிப்பு. உள்ளூர் மளிகைக் கடை, பரதநாட்டிய வகுப்பு, வரிக்கணக்கு பார்ப்பவர் என்று விளம்பரங்கள் வரும். சர்வர் செலவு போக மிஞ்சுவது சொற்பம். அப்படியும் 2015 வரை வண்டி ஓடியது. அமெரிக்காவில் சிறு நிலையங்களுக்கென்று தனி ஏற்பாடு இருந்ததே காரணம். வருமானத்தில் 10, 12 சதவீதம் கட்டினால் போதும். 2002இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு வந்த வழி அது. 2007இல் கட்டணம் எகிறியபோது, ஜூன் 26ஆம் தேதி இணைய வானொலிகள் நாள் முழுக்க மௌனம் காத்துப் போராடின. அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தையில்தான் அந்த வழி தப்பிப் பிழைத்தது.

2015 டிசம்பர் 16 அன்று காப்புரிமைக் கட்டண வாரியம் அடுத்த 5 ஆண்டுக்கான கட்டணத்தை அறிவித்தது. அதில் சதவீதப் பேச்சே இல்லை. ஒரு பாட்டை ஒருவர் கேட்டால் 0.17 சென்ட், ஜனவரி 1 முதல் அமல். கேட்க அற்பத் தொகையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்நேரமும் சராசரியாக 100 பேர் கேட்கிறார்கள், மணிக்கு 15 பாட்டு என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 1,500 கேட்பு, ஒரு நாளைக்கு 36,000, மாதத்துக்கு 10,80,000. மாதம் 1,836 டாலர், வருடத்துக்கு 22,000 டாலருக்கு மேல்! எங்கள் மளிகைக் கடைக்காரர் கடையையே விற்றாலும் அவ்வளவு விளம்பரம் தர முடியாது.

என் மனசு ஆறாத இடம் இதுதான்: கேட்பவர் கூடக் கூட நாம் ஏழையாகிறோம். இங்குள்ள பெரிய எஃப்.எம். நிலையத்தை லட்சம் பேர் கேட்டாலும் அலைவரிசை ஒலிபரப்புக்காக அது பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியதைத்தான் கட்டுகிறது. ஒலிப்பதிவுக்கு, அதாவது பாடியவருக்கும் இசை நிறுவனத்துக்கும், அமெரிக்கச் சட்டப்படி ஒரு காசு தர வேண்டியதில்லை. நாங்கள் இரண்டும் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களுக்கு இடம் கொடுத்திருந்த லைவ்365, 2016 ஜனவரி 31 அன்று மூடியதும் இந்த அலையில்தான். (அடுத்த வருடம் வேறு உரிமையாளரிடம் மறுபடி திறந்தது.)

நாங்கள் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு தப்பினோம், அப்படிப்பட்ட நிலையங்களுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் பணத்தோடு தொல்லை தீர்ந்துவிடவில்லை. சட்டபூர்வ உரிமத்தில், அதாவது ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்காமல் நிர்ணயித்த கட்டணம் கட்டி, ஓடும் நிலையம் எதுவானாலும் விதிகள் உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் போகக்கூடாது, அதிலும் அடுத்தடுத்து இரண்டுதான். ஒரே பாடகர் என்றால் நான்கு, தொடர்ச்சியாக மூன்று. என்னென்ன பாட்டு வரும் என்று முன்கூட்டியே பட்டியல் வெளியிடக் கூடாது. நேயர் கேட்ட பாட்டை ஒரு மணி நேரத்துக்குள்ளோ அவர் சொன்ன நேரத்திலோ போடுவதே நிகழ்ச்சியின் பெரும்பகுதியாக இருந்தால் உரிமம் செல்லாது. "எங்கம்மா பிறந்தநாள், காலை எட்டு மணிக்குப் போடுங்க" என்று இங்கே எடிசன் ஊரிலிருந்து ஒரு அக்கா கேட்பார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு நேயர் விருப்பம் இல்லாத வானொலி என்ன வானொலி?

2020 செப்டம்பர் 25, எஸ்.பி.பி. மறைந்த அன்று நாள் முழுக்க அவர் குரலே ஒலிக்கவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. மூன்று மணி நேரத்துக்கு நான்கு பாட்டுத்தான் முடிந்தது. மீதி நேரத்தில் நேயர்கள் தொலைபேசியில் அழுதுகொண்டே பேசினார்கள். ஜானகி, சித்ராவின் தனிப்பாடல்கள் போட்டோம். அந்த நிகழ்ச்சியை இன்றும் பலர் நினைவுபடுத்துகிறார்கள். ஆனாலும் அவருக்கு அன்று அந்த நான்கு பாட்டு போதாது.

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலிருந்து:

அண்ணா, நான் பாடுபவள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஒலிப்பதிவுக் கட்டணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச். அது வசூலிப்பதில் 50 சதவீதம் ஒலிப்பதிவு உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 5 சதவீதம் பக்கவாத்தியம், பின்னணிக் குரல் கலைஞர்களுக்கான நிதிக்கு. என் பங்கு நிறுவனத்தின் கை வழியாக வராமல் நேரே எனக்கு வருகிறது. தொகை பெரிதில்லை, வயலின்காரருக்கு ஒத்திகைச் சம்பளம் கொடுக்க உதவும். எஃப்.எம்.மிலிருந்து எனக்கு வந்ததே இல்லை. என் பாட்டை எடுத்துப் போட்டதும் உங்களைப் போன்ற சின்ன நிலையங்கள்தான், அவை மூடினால் எனக்கும்தான் நஷ்டம். ஒரு வேண்டுகோள்: என்னென்ன பாட்டுப் போட்டீர்கள் என்று அனுப்பும் அறிக்கையில் பாடியவர் பெயரைச் சரியாக எழுதுங்கள். பலர் அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். பணம் போய்ச்சேர வேண்டிய ஆளுக்குச் சேராது.

கோயம்புத்தூரிலிருந்து:

உங்களுக்காவது கட்டணம் என்று ஒன்று இருக்கிறது சார். இங்கே எஃப்.எம். நிலையங்களுக்கு 2010இல் காப்புரிமை வாரியம் விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று நிர்ணயித்தது. 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தத்தில், தனித்தனி அனுமதி இல்லாமல் நிர்ணயித்த கட்டணம் கட்டி ஒலிபரப்ப வழிசெய்யும் 31டி பிரிவு வந்தபோது இணையத்துக்கும் பொருந்தும் என்று நம்பினோம். 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே அது பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆக, உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசித்தான் அனுமதி வாங்கவேண்டும். நான் ஒரு இசை நிறுவனத்துக்கு எழுதினேன், பதிலே இல்லை. இன்னொன்று முன்பணம் கேட்டது, எங்கள் ஆண்டு வரவையே தாண்டிய தொகை. திரைப்பாடலை விட்டுவிட்டோம். இப்போது ஒயிலாட்டப் பாட்டு, கும்மிப்பாட்டு, கிராமத்துப் பாட்டிகளின் தாலாட்டு என்று நாங்களே எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்கிறோம். கேட்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இருப்பவர்கள் விடாமல் கேட்கிறார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து, மறுபடியும்:

தங்கச்சி சொன்னது நியாயம். பாடியவருக்குப் பணம் போகக்கூடாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சின்ன நிலையம் தன் வரவுக்கேற்பக் கட்டட்டும், பெரிய எஃப்.எம்.மும் ஒலிப்பதிவுக்குக் கட்டட்டும் என்பதுதான் என் கட்சி.

தனி மடலில் கேட்டவர்களுக்கு: அமெரிக்க வரிச்சட்டத்தின் 501 பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்றிருந்தாலோ முறையாக விண்ணப்பித்திருந்தாலோ வணிகமற்ற நிலையமாகக் கொள்வார்கள். குறைந்தபட்சக் கட்டணம் ஒரு சேனலுக்கு ஆண்டுக்கு 500 டாலராக இருந்தது, 2021 முதல் 2025 வரை 1,000 ஆயிற்று. மாதம் 1,59,140 கேட்பு மணிநேரம் (ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் ஒன்று) வரை அதுவே போதுமாக இருந்தது, அதாவது எந்நேரமும் 200 பேருக்குச் சற்று அதிகம். அதைத் தாண்டினால் பாட்டுக் கணக்கு தொடங்கிவிடும் என்பது அப்போதைய ஏற்பாடு. இசையமைப்பாளர்களுக்கான அஸ்காப், பிஎம்ஐ உரிமங்கள் தனி, மறந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தை ஒலிபரப்பு தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.