இப்னு சீனாவின் ‘சான்ன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ‘சான்ன்’ என்ற அரபுச் சொல்லை (சமூகத்துக்கு நெறி வகுப்பவர் என்பது பொருள்) எப்படித் தமிழாக்குவது என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘சான்ன்’ என்பதற்குச் ‘சட்டமியற்றுபவர்’ போதுமே.

போதாது என்றே நினைக்கிறேன். சட்டமியற்றுபவர் என்றதும் பேரவையும் வாக்கெடுப்பும்தான் நினைவுக்கு வரும். மெய்யியலாளர் இப்னு சீனா (980–1037) தம் ‘ஷிஃபா’ என்ற பெருநூலின் இறையியல் பகுதி, பத்தாம் நூலில் தொடங்கும் இடமே வேறு. மனிதன் தனியாக நல்வாழ்வு வாழ முடியாது. ஒருவன் காய்கறி தருகிறான், மற்றவன் ரொட்டி சுடுகிறான். ஒருவன் தைத்துக் கொடுக்கிறான், மற்றவன் ஊசி கொடுக்கிறான். இந்தத் தேவையால்தான் நகரங்கள் எழுகின்றன. ஆனால் கொடுக்கல் வாங்கல் இருக்கும் இடத்தில் வழக்கும் வரும்: தனக்கு வரவேண்டியதை நியாயம் என்றும், தான் தரவேண்டியதை அநியாயம் என்றும் ஒவ்வொருவரும் சொல்வார்கள். எனவே நெறியும் நீதியும் வேண்டும். அவற்றை வகுத்து நிலைநாட்ட, மக்களோடு பேசிப் பழகக்கூடிய ஒரு மனிதரும் வேண்டும். அவரே ‘சான்ன்’. புருவத்தில் முடி முளைப்பதையும் உள்ளங்கால் குழிந்திருப்பதையும்விட மனித இனம் நிலைக்க இவர் அதிகம் தேவை. அந்தச் சிறு நன்மைகளை அளித்த இறையருள் இதை விட்டுவிடுமா என்று இப்னு சீனா கேட்கிறார். நபித்துவத்தின் தேவையை ஊசியிலும் ரொட்டியிலும் தொடங்கி நிறுவும் துணிவு என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

> அப்படியானால் நேராக ‘நபி’ என்றே எழுதலாம்.

எழுதினால் பின்னால் வந்த ஒரு பெரிய விவாதமே தமிழில் தொலைந்துபோகும். 1377இல் ‘முகத்திமா’ என்ற வரலாற்று முன்னுரையை எழுதிய அறிஞர் இப்னு கல்தூன் இந்த வாதத்தை மறுக்கிறார். வேதம் பெறாத மஜூசிகளுக்கும் (ஜொராஸ்திரர்) அரசுகள் இருந்தன. ஆகவே கூடிவாழ ஓர் ஆளும் அதிகாரம் தேவை என்பது வரைதான் அறிவால் நிறுவ முடியும், அது வேதத்தின் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை என்கிறார். சொல்லிலேயே நபியை அடைத்துவிட்டால் இந்த மறுப்பை எழுத இடமிருக்காது.

மூலத்தில் நெறியைக் குறிக்கும் ‘சுன்னா’வையும் அப்படியே வைக்க வேண்டாம். நம் வாசகர்களுக்குச் சுன்னத் என்றால் நபிவழி. இப்னு சீனா இங்கே பேசுவது அதைவிட விரிந்தது.

மூலத்தில் ‘சான்ன்’, ‘முஅத்தில்’ (நீதி செய்பவர்) இரண்டும் இணையாக வருகின்றன. என் பரிந்துரை: நெறிவகுப்போர், முறைசெய்வோர். ‘முறை செய்து காப்பாற்றும்’ என்ற குறளில் முறை என்பது நீதிதான். அந்தப் பொருள் இன்று மங்கியிருந்தாலும் இந்த இணையில் தெளிவாகவே ஒலிக்கிறது. நபிக்கும் பொருந்தும் சொற்கள் என்பதால் ‘ஓன்’ விகுதியைத் தவிர்த்தேன். இப்னு சீனாவுக்கு முந்திய மெய்யியலாளர் ஃபாராபியின் ‘வாளிஉந் நவாமீஸ்’ (நாமூஸ்களை, அதாவது சட்டங்களை, வகுப்பவர்) என்பதற்கும் நெறிவகுப்போர் என்பதையே ஆளலாம். நாமூஸ் கிரேக்கத்திலிருந்து அரபுக்குச் சென்ற சொல், அதையும் நெறி தாங்கும்.

இப்னு கல்தூனின் ‘சியாசா அக்லிய்யா’வை ‘அறிவுவழி ஆட்சிமுறை’ என்று குறித்திருக்கிறேன். மனிதர் ஒருவர்மேல் ஒருவர் பாயாமல் தடுக்கும் ‘வாஸிஉ’ என்ற சொல்லுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. ‘தடுப்போர்’ மிக மெலிதாகவும் ‘அடக்குவோர்’ கொடுமையாகவும் ஒலிக்கின்றன. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.